ஆக்ரெதா மடத்துக் காகிதங்கள்

ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்பு அந்தக் கடிதங்களை எழுதிய விதமே தனி. தாளின் பாதி அகலத்துக்கு மட்டும் எழுதுவார். மறு பாதி வெறுமையாக இருக்கும். அந்த வெற்றுப் பாதியிலேயே பதிலை எழுதித் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டார். கேள்வியும் பதிலும் ஒரே தாளில் அரண்மனைக்குத் திரும்பிவிட்டால், ராஜா தன் கவலையை யாரிடம் கொட்டினார் என்பதற்கு வெளியே சாட்சி இருக்காது அல்லவா? 1643 அக்டோபர் 4ஆம் தேதி சரகோசா நகரிலிருந்து முதல் கடிதம் போனது. அதன்பின் 22 ஆண்டுகள், இரு தரப்பும் சேர்ந்து 600க்கு மேற்பட்ட கடிதங்கள். கத்தலோனியப் போர், போர்ச்சுகல் கைநழுவிப் போனது, கஜானா காலி, மனைவியின் சாவு, பட்டத்துக்குரிய மகனின் சாவு, தன்னால் அடக்க முடியாத பெண்ணாசை என்று எல்லாவற்றையும் அந்தப் பாதித்தாளில் ராஜா இறக்கிவைத்தார்.

மறு பாதியில் எழுதியவர் அடைபட்ட கன்னியர் மடம் ஒன்றின் தலைவி. பெயர் மரியா தே ஹெசூஸ், இயேசுவின் மரியா. பிறந்த ஊரான ஆக்ரெதாவிலேயே வாழ்ந்து அங்கேயே இறந்தவர். அந்த அம்மாள் ராஜா சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார். தாளைத் திருப்பித்தான் அனுப்பினார். ஆனால் அனுப்புவதற்கு முன் ராஜா எழுதியதையும் தான் எழுதியதையும் படியெடுத்து வைத்துக்கொண்டார். படி எடுக்கக் கூடாது என்று ராஜா சொல்லவில்லையே!

இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. என் அம்மாவின் தங்கை கன்னியாஸ்திரி. 'சிஸ்டர் சித்தி' என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அந்தக் காலத்தில் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல் மதரிடம் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து வரும் கடிதமும் பிரித்துத்தான் கைக்கு வரும். அந்த ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டே எங்கள் பாட்டிக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சித்தி சொல்லிவிடுவார். கீழ்ப்படிதல் என்பது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று நினைப்பவர்கள் மடத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர்கள்.

மரியா எனக்கு அறிமுகமானது ஸ்பெயின் வழியாக அல்ல, தேம்பாவணி வழியாக. தமிழாசிரியை என்பதால் வகுப்பில் வருஷா வருஷம் அந்தக் காப்பியத்திலிருந்து பாடம் நடத்துவேன். நற்செய்தியில் நாலே வரியில் முடிந்துபோகும் சூசையப்பர், தேவமாதாவின் கணவர், காப்பியத் தலைவனாக 3615 பாட்டுக்கு எப்படி நீண்டார்? அதை எழுதிய வீரமாமுனிவருக்குக் கற்பனை உண்டு, கம்பனிடமும் திருத்தக்கதேவரிடமும் கற்றுக்கொண்டது நிறைய உண்டு. ஆனால் கதைச் சரக்கில் பெரும்பகுதி இந்த ஸ்பானியக் கன்னி எழுதிய 'கடவுளின் மறைநகரம்' என்ற நூலிலிருந்து வந்தது. ஸ்பானிய மொழியில் 'மிஸ்திகா சியுதாத் தே தியோஸ்'. ஆங்கிலத்தில் நான்கு தடித்த தொகுதிகளாகக் கிடைக்கிறது. முழுதும் படித்தேன். பல இடங்களில் தூங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக்ரெதா காஸ்தீல் நாட்டுக்கும் அரகோன் நாட்டுக்கும் எல்லையில், மொங்காயோ மலையின் அடியில் இருக்கும் ஊர். அங்கே 1602 ஏப்ரல் 2ஆம் தேதி மரியா பிறந்தார். அப்பா பிரான்சிஸ்கோ கொரோனெல், அம்மா கத்தலீனா தே அரானா. பிறந்தது 11 பிள்ளைகள். தங்கியது நான்கு: இரண்டு ஆண், இரண்டு பெண்.

1615 வாக்கில் அம்மாவுக்கு ஒரு காட்சி. வீட்டையே கன்னியர் மடமாக்கிவிட வேண்டும். தாயும் இரு பெண்களும் அதில் துறவிகளாக வேண்டும். அப்பாவும் பையன்களும் பிரான்சிஸ்கன் சபையில் சேர வேண்டும். இது கடவுளின் கட்டளை என்றார் கத்தலீனா. கணவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வயது ஐம்பதை ஒட்டி, உடம்பும் சரியில்லை. வாழ்ந்த வீடு போகும், மனைவி போவாள், பிள்ளைகள் போவார்கள், கடைசிக் காலத்தில் தானும் ஒரு மடத்தில் எடுபிடிச் சகோதரனாக நிற்க வேண்டும். அவர் இசையவில்லை. அவருடைய சகோதரனும் கூடாது என்று நின்றார். கல்யாணமான பெண் புருஷனை விட்டுவிட்டு முக்காடு போட்டுக்கொள்வதா என்று ஊர் பேசியது. மூன்று வருஷ இழுபறிக்குப் பிறகு கத்தலீனாதான் ஜெயித்தார். வீட்டுச் சுவர்களை இடித்து அறைகளும் சிற்றாலயமும் கட்டினார்கள். 1619 ஜனவரியில் தாயும் இரு மகள்களும் அந்த வீட்டுக்குள்ளேயே துறவு உடை அணிந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி தாயும் மூத்த மகள் மரியாவும் ஒன்றாக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். தங்கை சின்னவள் என்பதால் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆக, மரியா மடத்துக்குப் போகவில்லை. மடம்தான் அவர் வீட்டுக்கு வந்தது. பிள்ளையாக ஓடியாடிய கூடத்தில் மௌனம் காத்தார். சமைத்துப் போட்ட அம்மாவே உடன்சகோதரி ஆனார். பின்னாளில் மரியா எழுதிய நாசரேத்து வீடு ஏன் வீடு மாதிரியும் மடம் மாதிரியும் ஒரே சமயத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் சேர்ந்தது அமலோற்பவ சபை. தேவமாதா கருவான கணத்திலேயே ஜென்மப் பாவம் தீண்டாதவர் என்ற நம்பிக்கையைப் பெயரிலேயே சுமந்த சபை. உடைக்கு மேல் நீலப் போர்வை. அந்த நம்பிக்கை அப்போது திருச்சபையின் உறுதிப் போதனை ஆகவில்லை. அதற்கு 1854 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்சிஸ்கன்கள் ஆதரித்தார்கள், தொமினிக்கன்கள் எதிர்த்தார்கள். ஸ்பெயின் தெருக்களில் இதற்காகச் சண்டைகூட நடந்தது. மரியாவின் நூல் பின்னால் பட்ட பாட்டுக்கு இந்தச் சபைப் பூசல் பெரிய காரணம்.

இளம் துறவியாக இருந்தபோது மரியாவுக்குப் பரவச நிலை வரும். நற்கருணை வாங்கியபின் உணர்விழந்து, தரையிலிருந்து சற்றே எழும்பி நிற்பார் என்றும், ஊதினால் இறகு போல அசைவார் என்றும் மற்ற சகோதரிகள் சொன்னார்கள். அது உண்மையோ இல்லையோ, அதைவிட என்னை உறுத்துவது அடுத்து அவர்கள் செய்தது. ஆலயக் கம்பி அடைப்புக்கு அந்தப் பக்கம் ஊர் ஜனங்களை வரவழைத்து, மரியாவின் முக்காட்டை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். நினைவில்லாமல் இருக்கிற ஒரு பெண்ணின் முகத்தை! தற்செயலாக இது காதுக்கு எட்டியபோது மரியா துடித்துப்போனார். வெளியே தெரிகிற இந்த அடையாளங்கள் எல்லாம் நின்றுபோகட்டும் என்று மன்றாடினார். நின்றும் போயின. மடத்தில் அவரை வைத்து வேடிக்கை காட்டியவர்களுக்குத்தான் அது நஷ்டமாக இருந்திருக்கும்.

அதே ஆண்டுகளில்தான் நியூ மெக்சிகோ கதையும். கடலுக்கு அப்பால் இருக்கும் பழங்குடிகளிடம் தான் கொண்டுசெல்லப்படுவதாகவும், அவர்களுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பதாகவும் மரியா ஆன்ம குருவிடம் சொல்லியிருந்தார். ஆக்ரெதாவை விட்டு உடம்பு நகரவில்லை. 1629 ஜூலையில் நியூ மெக்சிகோவில் இஸ்லேத்தா என்ற இடத்தில் இருந்த பிரான்சிஸ்கன் குருக்களிடம் ஹுமானோ குடியைச் சேர்ந்த சுமார் 50 பேர் வந்து, எங்கள் ஊருக்கும் குருவை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்றதற்கு, நீல உடை உடுத்திய பெண் ஒருத்தி சொன்னதாகப் பதில். குருக்கள் தங்களிடம் இருந்த ஒரு கன்னியாஸ்திரியின் படத்தைக் காட்டினார்கள். உடை இப்படித்தான், ஆனால் இவள் கிழவி, அவள் இளம்பெண் என்றார்கள் வந்தவர்கள்.

அந்தப் படத்தில் இருந்தவர் லூயிசா தே கரியோன். அப்போது ஸ்பெயின் முழுக்க மகாத்மாவாகக் கொண்டாடப்பட்டவர் அவர்தான். இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் தோன்றுவார் என்ற பேர் அவருக்கும் இருந்தது. 1635இல் சமய விசாரணை மன்றம் லூயிசாவை மடத்திலிருந்து கொண்டுபோனது. அடுத்த ஆண்டு வல்யதோலித் நகரில் விசாரணைக் கைதியாகவே செத்தார். அவர் குற்றமற்றவர் என்று மன்றம் தீர்ப்புச் சொன்னது 1648இல்! லூயிசா பிடிபட்ட அதே 1635இல்தான் மரியாவைப் பற்றியும் முதல் விசாரணை நடந்தது. கோவிலில் படமாக மாட்டுவதற்கும் காவலில் வைப்பதற்கும் அந்தக் காலத்தில் நடுவே இருந்த தூரம் அவ்வளவுதான்.

நியூ மெக்சிகோவில் பிரான்சிஸ்கன் பணித்தளங்களுக்குத் தலைவராக இருந்த அலோன்சோ தே பெனாவீதெஸ் 1631இல் ஆக்ரெதாவுக்கே வந்து மரியாவைப் பார்த்தார். அதற்கு முந்தைய ஆண்டே ராஜாவுக்கு நியூ மெக்சிகோ பற்றி ஒரு விண்ணப்ப அறிக்கை கொடுத்திருந்தவர். ஆளும் பணமும் கேட்டு நிற்கிற மனிதருக்கு இப்படி ஒரு அற்புதம் எவ்வளவு உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் எழுதி நீட்டியதில் மரியா கையெழுத்துப் போட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து, சபைத் தலைவர் பேத்ரோ மனேரோவுக்கு எழுதிய விளக்கத்தில்தான் மனம் திறக்கிறார். அந்த ஏட்டில் நடந்தது கொஞ்சம், மற்றவர்கள் கூட்டியது நிறைய. நானோ அனுபவமில்லாத பெண், மேலிடம் சொன்னதால் கையெழுத்திட்டேன். உடம்போடு போனேனா, வேறு எப்படியா என்று என்னால் அறுதியிட முடியாது. இதுதான் அந்த விளக்கத்தின் சாரம். அற்புதத்தை மறுக்கவும் இல்லை, மற்றவர்கள் ஊதிப் பெருக்கியதைச் சுமக்கவும் இல்லை. தன்னைப் பற்றிய கதையைத் தானே இப்படிப் பதம் பார்த்துக் குறைத்துச் சொல்கிற சித்தர் கதை ஒன்றும் நான் படித்ததில்லை.

25 வயதில், 1627இல் மடத்துத் தலைவி ஆனார். அந்த வயதுக்கு அது ஆகாது என்பதால் ரோமாபுரியிலிருந்து விதிவிலக்கு வாங்க வேண்டியிருந்தது. 1652 முதல் மூன்று ஆண்டு நீங்கலாகச் சாகும்வரை அவரே தலைவி. 1633இல் பழைய வீட்டைவிட்டுப் புது மடத்துக்குச் சகோதரிகளைக் கூட்டிப்போனதும் அவர்தான்.

தலைவியான நாளிலிருந்தே, தேவமாதாவின் வாழ்க்கையை எழுது என்று உள்ளே ஒரு குரல் கேட்டதாகவும், பத்து வருஷம் அதற்கு இசையாமல் இருந்ததாகவும் அவரே சொல்கிறார். 1637இல் எழுதத் தொடங்கினார். பெண் எழுதுவது என்றால் அன்று சும்மா இல்லை. ஸ்பானியக் கன்னியாஸ்திரி அவிலா தெரேசாவின் தன்வரலாறு விசாரணை மன்றத்தின் கையில் போய்ச் சிக்கியது 1575இல். தெரேசா 1622இல் புனிதர் ஆனபோது மரியாவுக்கு வயது 19. எழுதுகிற பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதில் இரண்டு முடிவையும் அறிந்த தலைமுறை அது. அதனால்தான் இரண்டு பேருமே, ஆன்ம குரு எழுதச் சொன்னதால் எழுதுகிறேன் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். மரியா இன்னும் ஒரு படி மேலே போகிறார். எழுதுவது தான் அல்ல, தேவமாதாவே சொல்லிக் கொடுக்கிறார், தான் ஏட்டில் ஏற்றுகிறவள் மட்டும்.

நூல் மூன்று பாகம், எட்டுப் புத்தகம். மாதாவின் பிறப்புக்கு முன்னால், உலகப் படைப்பில் தொடங்கி, மாதா விண்ணகம் சென்று முடிசூடுவது வரை. ஒவ்வொரு அதிகாரத்தின் முடிவிலும் விண்ணக அரசியான மாதா, எழுதுகிற மரியாவை நேராகப் பார்த்து அறிவுரை சொல்வார். சிறு பெண்ணாக இருக்கும்போதே மாதாவை மேலுலகத்துக்குத் தூக்கிப் போகிறார்கள், ஆயிரம் தேவதூதர்கள் காவல் நிற்கிறார்கள், ஒளிமேல் ஒளி அடுக்கிக்கொண்டே போகிறது. நான் தூங்கியது இந்த இடங்களில்தான்.

விழித்து உட்கார்ந்தது நாலாம் புத்தகத்தில். மாதா கருவுற்றிருப்பது சூசையப்பர் கண்ணுக்குத் தெரிகிறது. மத்தேயு இதை ஒரு பத்திக்குள் முடித்துவிடுவார். மரியா விடமாட்டார். சந்தேகப்படவும் முடியாமல், சந்தேகப்படாமல் இருக்கவும் முடியாமல் அந்த மனிதன் வீட்டுக்குள் வளைய வருவதை நாள்கணக்கில் சொல்கிறார். மனைவியிடம் கேட்க வாய் வராது. கடைசியில் விட்டுப் போய்விடுவது என்று முடிவெடுத்து, துணிமணிகளைச் சின்ன மூட்டையாகக் கட்டி வைக்கிறார். வேலை செய்த இடத்தில் வரவேண்டியிருந்த கூலிப் பாக்கியை வாங்கிக்கொள்கிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இந்தக் கூலிப் பாக்கியில். வீட்டை விட்டு ஓடப் போகிற தச்சன் முதலில் பாக்கியை வசூலிப்பான் என்று தேவதூதர்கள் வந்து சொல்ல வேண்டாம். சுற்றி நடப்பதைப் பார்த்த பெண்ணுக்கே தெரியும்.

கனவில் தூதர் வந்து சொன்னபின் சூசையப்பர் தெளிகிறார், மன்னிப்புக் கேட்கிறார். அதற்கடுத்த அதிகாரத்தில் வீட்டில் புதுச் சிக்கல். இறைவனின் தாய் கையால் வீடு கூட்டுவதா என்று அவர் துடைப்பத்தைத் தானே எடுக்கப் பார்க்கிறார். மாதாவோ அவர் எழுவதற்குள் வேலையை முடிக்கப் பார்க்கிறார். வேலைக்காரி வேலை யாருக்கு என்று இரண்டு பேருக்கும் போட்டி. மாதா முழங்காலில் விழுந்து, என்னைச் செய்ய விடுங்கள் என்று கணவனைக் கெஞ்சும் அளவுக்குப் போகிறது. சிஸ்டர் சித்தியிடம் இந்தக் கட்டத்தை வாசித்துக் காட்டினேன். "எங்க மடத்துல இந்தப் போட்டி நடந்து நான் பாத்ததே இல்லடி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "புதுசா வந்தப்ப நடந்திருக்கு" என்றும் சொன்னார்.

எகிப்துக்கு ஓடிப்போய் ஹெலியோப்போலிஸ் நகரில் வாழ்ந்த காலத்தையும் இப்படித்தான் எழுதுகிறார். முதல் நாட்களில் கையில் ஒன்றுமில்லாமல் சூசையப்பர் பிச்சை எடுக்கிறார். பிறகு தச்சு வேலை கிடைக்கிறது. மாதா அக்கம்பக்கத்துப் பெண்கள் வழியாகத் தையல் வேலை பிடிக்கிறார். நேர்த்தியான கை என்று பேர் பரவுகிறது. பகலில் கூலிக்கு உழைத்தால்தான் அடுப்பெரியும் என்பதால் செபம் இரவுக்குத் தள்ளிப்போகிறது. நேரத்தைப் பங்கு போட்டு ஒரு மடத்தை நடத்திய தலைவியின் கணக்கு இது.

இவ்வளவு எழுதிய நூல் 1645 வாக்கில் நெருப்புக்குப் போனது. வழக்கமான ஆன்ம குரு அந்திரேஸ் தே லா தோரே ஊரில் இல்லாத சமயம். அவர் இடத்தில் வந்த வேறொரு வயதான குரு, திருச்சபையில் பெண்கள் எழுதக் கூடாது, எரித்துவிடு என்றார். மரியா எரித்தார். அந்த நூலை மட்டுமல்ல, மற்ற காகிதங்களையும். மேலிடத்துக்கு விஷயம் தெரிந்து கடிந்துகொண்டார்கள். திரும்ப எழுது என்றார்கள். எழுது என்றும் ஓர் ஆண் கட்டளை, எரி என்றும் ஓர் ஆண் கட்டளை, ஏன் எரித்தாய் என்றும் ஓர் ஆண் அதட்டல். நூலின் முன்னுரையில் இதையெல்லாம் மரியா குரலை உயர்த்தாமல் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். குறை கூறவில்லை. ஆனால் எழுதி வைத்துவிட்டார்; படிக்கிறவர்களுக்குக் கண் இருக்கிறது.

எரித்தது மடத்தில் இருந்த பிரதியைத்தான். ஒரு படி ஏற்கெனவே ராஜாவிடம் போயிருந்தது. 1643 ஜூலை 10ஆம் தேதி, போர்முனைக்குப் போகும் வழியில் பிலிப்பு ஆக்ரெதாவில் இறங்கி மரியாவைப் பார்த்தார். அந்த ஜனவரியில்தான் ஆட்சியை எல்லாம் தன் கையில் வைத்திருந்த ஒலிவாரஸ் பிரபுவை விலக்கியிருந்தார். ஆலோசனைக்கு ஆள் இல்லை. அந்தச் சந்திப்பின் தொடர்ச்சிதான் பாதித்தாள் கடிதங்கள். மரியாவின் பதில்களில் ஆறுதல் உண்டு, ஆனால் குழைவு இல்லை. நீங்களே ஆளுங்கள், இன்னொரு பிரபுவிடம் ஆட்சியைத் தூக்கிக் கொடுக்காதீர்கள், குடிகளின் வரிச்சுமையைப் பாருங்கள் என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். ராஜா உருகிப் படித்தார். நடந்துகொண்டது என்னவோ பழையபடிதான். மாதாவின் அமலோற்பவத்துக்காக ரோமாபுரியை விடாமல் நெருக்கியதில் மட்டும் பலன் கிடைத்தது: 1661இல் திருத்தந்தை ஏழாம் அலெக்சாந்தர் அதற்கு ஆதரவாக ஆணை வெளியிட்டார்.

ராஜாவுக்கு வேண்டியவர் என்பதே ஆபத்தாகவும் முடிந்தது. 1648இல் ஈகார் பிரபு ராஜ துரோகச் சதியில் பிடிபட்டார். அவர் மரியாவுக்கும் கடிதம் எழுதிவந்தவர். 1650 ஜனவரியில் விசாரணை மன்றம் ஆக்ரெதாவுக்கே ஆள் அனுப்பியது. நோயில் கிடந்த மரியாவிடம் பல நாள் தொடர்ந்து 80 கேள்விகள். பறந்து போனாயாமே, என்ன மொழியில் பேசினாய்? உன் முகத்தை ஜனங்களுக்குக் காட்டியது யார்? ஈகார் பிரபு என்ன எழுதினார்? கலந்துகொள்ள யாரும் பக்கத்தில் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். நினைவில் இருப்பதை இருக்கிறது என்றார், தன்னை வைத்து மற்றவர்கள் செய்ததை அவர்கள் செய்தது என்றார். வந்தவர் முடிவில் இந்தப் பெண்ணிடம் குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். லூயிசாவுக்கு நேர்ந்தது மரியாவுக்கு நேரவில்லை. வாயடக்கமும் ராஜாவும் சேர்ந்து காப்பாற்றினார்கள் என்று நினைக்கிறேன், எதற்கு எத்தனை பங்கு என்று பிரிக்கத் தெரியவில்லை.

1655 டிசம்பர் 8, அமலோற்பவத் திருநாள் அன்று, புது ஆன்ம குரு அந்திரேஸ் தே புவென்மயோர் சொல்ல, எரித்த நூலை மறுபடி முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினார். வயது 53. 1660 மே 6ஆம் தேதி எழுதி முடித்தார். நாம் இன்று படிப்பது இந்த இரண்டாம் எழுத்தைத்தான். 1665 மே 24, பெந்தெகோஸ்துத் திருநாளில் இறந்தார். நான்கு மாதம் ஆகவில்லை, செப்டம்பர் 17இல் ராஜாவும் போய்ச் சேர்ந்தார்.

நூல் 1670இல் மாட்ரிட் நகரில் அச்சேறியது. அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அது மரியாவின் கதையைவிடச் சபைகளின் வழக்குக் கதை. 1681இல் ரோமாபுரி தடை செய்தது. ஸ்பெயின் ராஜா கெஞ்சியதும் அதே ஆண்டு தடையை நிறுத்திவைத்தது. ஸ்பானிய விசாரணை மன்றம் வருஷக்கணக்கில் பரிசோதித்து 1686இல் விடுவித்தது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்ததும் பாரிஸ் சொர்போன் பேராசிரியர்கள் 1696இல் கண்டனத் தீர்மானம் போட்டார்கள். வெனிஸ் சிறையில் 1755இல் அடைபட்ட, காதல் லீலைகளுக்குப் பேர்போன காசனோவாவுக்குப் படிக்கக் கொடுத்த புத்தகமும் இதுதான். படித்துவிட்டுக் கெட்ட கனவு கண்டதாக நினைவுக் குறிப்பில் கேலி செய்கிறார். அவர் எந்தப் பெண்ணைப் பற்றித்தான் ஒழுங்காக எழுதினார்! புனிதர் பட்டத்துக்கான வழக்கு 1673இல் தொடங்கி, 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து வாய்ப்பூட்டுப் போட்டதில் நின்றது. இன்றும் அவர் 'வணக்கத்துக்குரியவர்' என்ற படியில்தான் நிற்கிறார். உடல் ஆக்ரெதா மடத்து ஆலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தச் சண்டைகளுக்கு நடுவில்தான், கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சிப் பக்கம் பணிசெய்த இத்தாலிய சேசு சபைக் குரு ஒருவர் இந்தச் சரக்கைத் தமிழ் விருத்தத்தில் கொட்டினார். தேம்பாவணி எழுதப்பட்டது 1726இல். மரியாவின் நூல் அச்சாகி 56 ஆண்டு. மூன்று காண்டம், 36 படலம். வீரமாமுனிவர் செய்த பெரிய மாற்றம், கதையின் நடுவே இருந்த மாதாவைச் சற்றே ஒதுக்கி, சூசையப்பரை 'வளன்' என்ற தலைவனாக நிறுத்தியது. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று நம் மரபுக்கு வேண்டிய அலங்காரம் எல்லாம் வந்தது. சந்தேகக் கட்டத்தை மட்டும் அவரும் விடவில்லை. ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலம், நீங்குவதற்கு ஒரு படலம். நல்ல கவிஞனுக்கு எதை எடுக்க வேண்டும் என்று தெரியும்.

எடுக்காமல் விட்டது ஒவ்வொரு அதிகாரத்தின் முடிவிலும் மாதா மரியாவிடம் பேசும் பேச்சை. காப்பியத்தில் அதற்கு இடமில்லை, அது நியாயம்தான். ஆனால் முழு நூலில் மரியா என்ற மனுஷி தட்டுப்படுவது அந்த இடங்களில். உன் பயத்தை விடு, உன் சகோதரிகளிடம் பொறுமையாக இரு, பாராட்டைக் கண்டு ஓடு, எழுதியதற்காக வருந்தாதே என்று மாதா சொல்லும்போதெல்லாம், அன்றைக்கு அந்த அம்மாளுக்கு எது வலித்தது என்பது தெரிந்துவிடுகிறது.

தேம்பாவணி படித்த பிள்ளைகள் சிலர், பெரியவர்களாகி, எதிலிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்பதுண்டு. முதல் தொகுதியை விட்டுவிடுங்கள். நாலாம் புத்தகத்தைப் பிரித்து, சூசையப்பர் கண்ணில் சந்தேகம் விழும் முதல் அதிகாரத்தில் தொடங்கி, எகிப்து வரை போங்கள். அலுத்தால் அங்கங்கே தாண்டலாம். கூலிப் பாக்கியைத் தாண்டாதீர்கள், துடைப்பத்தைத் தாண்டாதீர்கள். அதற்குப் பிறகு முன்னுரைக்குத் திரும்பி வந்து, எரித்த கதையை அவர் வாய்மொழியிலேயே படியுங்கள்.